வெற்றிலைக் கொடிக்குக் குடை

என் கல்யாணம் கிட்டத்தட்ட ஒரு வருஷம் வெற்றிலைக் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால், ஆட்டுக் கொட்டகைக்கும் லொங்கானுக்கும் நடுவில் அந்தக் கொடி இருந்தது. சாக்கடைக் கால்வாயை நாங்கள் லொங்கான் என்றுதான் சொல்லுவோம். தாலி கட்டும் விஷயத்தை அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தது யார் என்று கேட்டால், ஒரே பதில்தான்: என் அப்பாவின் வாய்.

அப்பா ரயிலில் கார்டு வேலை பார்த்தார். கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் வழியாகத் துறைமுகம் போய்த் திரும்பும் வண்டியில், கடைசிப் பெட்டியில் வெள்ளை உடுப்பும் விசிலுமாக நிற்பார். நல்ல மனிதர். ஆனால் உண்மையை உள்ளபடி சொன்னால் அதற்கு மரியாதை இல்லை என்று நினைப்பவர். செந்தூல் பக்கம் வண்டி நின்றிருந்தபோது ஒரு புலி தண்டவாளத்தைக் கடக்க வந்ததாம். அப்பா பச்சைக் கொடி காட்டும்வரை அது பொறுமையாகக் காத்திருந்து, பிறகு கடந்து போனதாம். இந்தக் கதையை அவர் எல்லா ஸ்டேஷனிலும் சொல்லியிருந்தார். கிள்ளானில் மட்டும் புலிக்கு வால் இரண்டு முழம் கூடுதல்.

அந்தக் கிள்ளானிலிருந்துதான் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை அங்கே ஸ்டேஷனில் கூட்ஸ் ஷெட் கிளார்க். அவருடைய அப்பா எதைக் கேட்டாலும் "ம்" என்பார். வேண்டாம் என்பதற்கும் "ம்"தான். அவர் பங்குப் பேச்சையும் சேர்த்து அவருடைய மனைவி பேசிவிடுவார். அந்த அம்மாளுக்கு உலகத்தில் ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கத் தெரியாது, அது வெற்றிலை. நாங்கள் வைத்த தாம்பூலத் தட்டிலிருந்து ஒரு இலையை எடுத்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தார், திரும்பத் தட்டிலேயே வைத்துவிட்டார்.

"பாசார் வெத்தல. தண்ணியில ஊறி ஊறி உயிர் போயிருக்கு" என்றார்.

வேறு அப்பாவாக இருந்தால் சிரித்து மழுப்பியிருப்பார். என் அப்பாவுக்குக் கோபம் மூக்கின் மேல் ஏறிவிட்டது.

"இது ஏதோ அவசரத்துக்கு வாங்குனது, தங்கச்சி. நம்ம கொல்லையில வெத்தலக் கொடி காடா கெடக்கு. நிச்சயத்துக்கு நம்ம வீட்டு வெத்தலதான் தட்டுல இருக்கும், பாருங்க."

கொல்லையில் அப்போது இருந்தது ஒரு ஆடு, ஒரு ஓட்டை வாளி, அம்மா கண்டபடி வளரவிட்ட செடிகள். வெற்றிலை என்ற பெயரில் ஒரு துளிர்கூட இல்லை. சமையல்கட்டு வாசலில் நின்றிருந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்படியா? வாங்க, பாத்துருவோம்" என்று அந்த அம்மாள் எழுந்தார்.

"இன்னைக்கு வேணாம். நேத்துத்தான் எல்லாத்தையும் கிள்ளிட்டோம். மொட்டையா நிக்குது, பாக்க நல்லாருக்காது" என்றார் அப்பா, கண் இமைக்காமல்.

கிள்ளான் அம்மாள் அப்பாவை ஒரு நிமிஷம் பார்த்தார். புலிக் கதையைக் கேட்டுவிட்டு நம்பாமல் போனவர்களில் அவரும் ஒருவர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. "சரிண்ணே. தழைக்கட்டும். தழைச்சதும் ஒரு வார்த்த சொல்லி விடுங்க. நானே வந்து என் கையால கொடியிலேருந்து கிள்ளித் தட்டுல வெக்கிறேன். அன்னைக்கே நிச்சயம்" என்றார். அவருடைய வீட்டுக்காரர் "ம்" என்றார்.

இவ்வளவும் நடக்கும்போது நான் கதவு இடுக்கில் மாப்பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்வாசல் பக்கம் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்திருந்தார்கள். எங்கள் ஆடு எட்டி அவருடைய வேட்டி நுனியை மென்றுகொண்டிருந்தது. அவருக்கு அது தெரியும். வெடுக்கென்று இழுத்தால் பெண் வீட்டு ஆட்டை அவமதித்ததாகிவிடுமோ என்று நினைத்தாரோ என்னவோ, முகத்தில் ஒன்றும் காட்டாமல், கீழே கையை விட்டு, மிகவும் மரியாதையாகக் கொஞ்சம் கொஞ்சமாக வேட்டியை மீட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். ஆனால் என் முடிவை யார் கேட்டது? இனி எல்லாம் வெற்றிலையின் கையில்.

மறுநாளே அப்பா பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், ஒரு மலாய்க்காரர் வீட்டிலிருந்து கொடித் துண்டுகள் வாங்கி வந்தார். கொல்லையில் பாதி இடத்தை வளைத்துக்கொண்டார். ரயில்காரர் தோட்டம் போட்டால் எப்படி இருக்கும் என்பதை நான் அப்போதுதான் பார்த்தேன். எல்லாம் நேர்கோடு. வெற்றிலைக்கு முதல் வகுப்பு, மிளகாய்க்கு இரண்டாம் வகுப்பு, கீரைக்கு மூன்றாம் வகுப்பு. வகுப்புக்கு வகுப்பு நடுவே சுண்ணாம்பு அடித்த கற்கள். ஒன்றின் இடத்துக்குள் இன்னொன்று எட்டிப் பார்க்கக் கூடாது. கழித்துப் போட்ட தண்டவாளக் கட்டைகளைக் கேட்டு வாங்கி வந்து, வெள்ளையடித்துத் தூண்களாக நட்டு, ஒவ்வொரு தூணிலும் ஒரு கொடியைக் கட்டினார். ஒரு புல் விடாமல் பிடுங்கி, ஒரு சருகு விடாமல் பெருக்கி, தரையைப் பிளாட்பாரமாக வைத்திருந்தார். காக்கை வந்தால் விசில். ஆடு எட்டிப் பார்த்தால் சிவப்புக் கொடி. ஆட்டுக்குச் சட்டம் தெரியாது என்பதால் விசிலும் சேர்த்து.

மீதிப் பாதி அம்மாவுடையது. அது தோட்டமா குப்பையா என்று அப்பா வருவோர் போவோரிடமெல்லாம் கேட்பார்.

அம்மா பிறந்து வளர்ந்தது செமினிப் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில். ரப்பரை நாங்கள் கித்தா என்போம். அங்கே மரங்களுக்கு நடுவே ஒரு புல் தலைகாட்டினால் போதும், மேல் அதிகாரி வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பாராம். சின்ன வயசு முழுக்க அம்மா குனிந்து புல் பிடுங்கியே கழித்திருக்கிறார். கல்யாணம் ஆகிக் கோட்டர்ஸுக்கு வந்த அன்றே ஒரு சபதம் எடுத்திருந்தார்.

"என் சொந்த வீட்டுல ஒரு புல்லக்கூட நான் புடுங்க மாட்டேன். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்" என்பார். அது விவசாய ஞானம் ஒன்றும் இல்லை, வெறும் வன்மம்.

அந்த வன்மத்தில் என்னென்னவோ வளர்ந்தது. ஆட்டுக்குத் தழை வேண்டுமே என்று அம்மா தூவிய அகத்தி விதைகள் மளமளவென்று எழுந்து, சில மாதத்தில் கூரையைத் தொட்டன. அதற்கடியில் மஞ்சள், இஞ்சி, சேம்பு. சேம்பின் மேல் படர்ந்து பூசணி. மேற்கு ஓரமாக வாழை. வாழைக்கும் அகத்திக்கும் நடுவில் எங்கிருந்தோ தானாக முளைத்த கத்தரி. எது எங்கே இருக்கிறது என்று அம்மாவுக்குத்தான் தெரியும். சில நேரம் அவருக்கும் தெரியாது. குழம்புக்குப் பூசணி தேடிப் போய் இஞ்சியோடு வருவார்.

அப்பாவின் முதல் வகுப்புக்கு முதல் சோதனை வெயிலில் வந்தது. வெற்றிலைக்கு வெயில் ஆகாது. வெள்ளைத் தூண்கள் வேறு பளபளவென்று அடித்தன. கொடிகள் நுனி கருகித் தலை தொங்கின. அப்பா காலை மாலை வாளி வாளியாக ஊற்றினார். அடுத்த சோதனை எங்கள் ஊர்ச் சாயங்கால மழை. நம் ஊர் மழை தூறாது, கொட்டும். மழை விட்டதும் போய்ப் பார்த்தால், பிளாட்பாரமாக இருந்த மண் பாதி லொங்கானுக்குப் போயிருந்தது. கற்கள் மட்டும் சுத்தமாகக் கழுவி வைத்தது மாதிரி நின்றன. மூன்றாம் வகுப்புக் கீரை முழுக்க ஆற்றை நோக்கிப் பயணம் போய்விட்டது.

அதே மழையில் அம்மாவின் பக்கம் ஒரு கைப்பிடி மண்கூடப் போகவில்லை. மேலே அகத்தி, நடுவே வாழை, கீழே சேம்பும் பூசணியும் அதற்கும் கீழே அம்மா பிடுங்காத புல்லும் மழையை வாங்கி வாங்கி மெதுவாக இறக்கின. மறுநாள் வெயிலில் அப்பாவின் பக்கம் வெடித்துக் கிடக்க, அம்மாவின் பக்கம் மிதித்தால் கால் ஈரமாகும்.

"ஏங்க, அந்தத் தூணையெல்லாம் புடுங்கிட்டு நாலு மரத்த வைங்களேன்" என்றார் அம்மா.

"மரத்த வெச்சா அது வெத்தலையோட சாப்பாட்டத் தின்னுரும். இது தெரியாதா உனக்கு?" என்றார் அப்பா.

"உங்க வெத்தல சாப்புடுற மாதிரி எனக்குத் தெரியல."

செத்தும் சாகாமலும் இருந்த கொடிகளை அப்பா கோபத்தில் பிடுங்கி, சுருட்டி, அம்மாவின் 'குப்பை'க்குள் வீசிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் அன்று சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதேன். வெங்காயம் உரிப்பதாகச் சொன்னேன். வெங்காயம் அன்றைக்கு வீட்டில் இல்லை என்பது அம்மாவுக்குத் தெரியும்.

கிள்ளான் அம்மாளோ விடுவதாக இல்லை. அவர்கள் வீடு ஸ்டேஷனை ஒட்டியது. அப்பாவின் வண்டி கிள்ளானில் நிற்கும்போதெல்லாம் பிளாட்பாரத்துக்கு வந்து, "அண்ணே, வெத்தல எப்படி இருக்கு?" என்று கேட்பார். அப்பா, "தளதளன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டு, நேரம் ஆகுமுன்பே விசில் ஊதிவிடுவார். அந்த வண்டி அந்த வருஷம் கிள்ளானில் ஒருநாளும் தாமதமாகக் கிளம்பவில்லை. மேலதிகாரிகள் அப்பாவைப் பாராட்டினார்களாம்.

மழைக்காலம் பாதி போனபின் ஒருநாள் ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போன அம்மா என்னைக் கூப்பிட்டார். அகத்தி மரத்தண்டைப் பிடித்துக்கொண்டு, இடுப்பு உயரத்துக்கு ஏறியிருந்தது ஒரு வெற்றிலைக் கொடி. அடுத்த மரத்தில் இன்னொன்று. அப்பா வீசியெறிந்தவைதான். சருகு மூடிய ஈர மண்ணில் தானாக வேர்விட்டு, பக்கத்தில் நின்ற மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறிவிட்டன. மேலே அகத்தித் தழை வெயிலைச் சல்லடையாகச் சலித்துப் பாதியை மட்டும் கீழே விட்டது. இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். நான் அந்த மரத்தைக் கட்டிக்கொண்டேன். எறும்பு கடித்தது, பரவாயில்லை.

அப்பா வந்தார், பார்த்தார், தொண்டையைச் செருமினார். "நான்தான் இங்க நட்டேன். மரமும் கொடியும் சேர்ந்துதான் வளரணும். ஊர்ல கொடிக்கால்னா அகத்தியிலதான் ஏத்துவாங்க. எனக்கு அப்பவே தெரியும்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டைப் பார்த்தார். ஆடும் ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அந்தக் குப்பைக்கு வந்த மரியாதையே வேறு. ஆடு அகத்தியைத் தின்றது, ஆட்டெரு கொடிக்குப் போனது, அகத்திச் சருகு விழுந்து மக்கி மஞ்சளுக்கும் இஞ்சிக்கும் போனது. காய்ந்துபோன ஒரு அகத்திக் கன்றை அம்மா பிடுங்கியபோது வேர் நெடுகக் கடுகு கடுகாக முடிச்சுகள் இருந்தன. மரத்துக்கு அம்மை போட்டிருக்கிறது என்று அப்பா பயந்து, வேப்பிலை கொண்டுவந்து கட்டினார். அந்த முடிச்சுதான் மண்ணுக்கே உரம் போடுகிறது என்று வெகுகாலம் கழித்து விவசாய இலாகா ஆள் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அப்பாவிடம் சொன்னேன். அதுவும் தனக்கு அப்பவே தெரியும் என்றார்.

கொடி ஏறிய செய்தி கிள்ளானுக்குப் போனது. இந்த முறை அப்பா சொன்னது உண்மை என்பதால் அவருக்கே சொல்லத் தடுமாறியது. அடுத்த வாரம் வண்டியில் எனக்கு ஒரு தகரடப்பா வந்தது. மாப்பிள்ளை கொடுத்துவிட்டாராம். முதல்முதலாக அவரிடமிருந்து வருவது. கூட்ஸ் ஷெட்டில் வேலை பார்ப்பவர், கப்பலில் வந்த பட்டோ வாசனைச் சோப்போ அனுப்பியிருப்பார் என்று அவசரமாகத் திறந்தேன். உள்ளே மக்கிய இறால் தலைகள்.

"வெத்தலைக்கு நல்ல எருவாம். கிள்ளான்ல மீன் காயப்போடுற வாடிகிட்ட அவரே பொறுக்குனாராம். சீக்கிரம் தழைக்கட்டும்னு சொன்னாரு" என்றார் அப்பா, மூக்கைப் பிடித்துக்கொண்டு. பாவம், கிள்ளானிலிருந்து வரும்வரை அந்த டப்பா அவருடைய பெட்டியில்தான் இருந்தது.

சீக்கிரம் தழைக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்! எனக்குத் தலைகால் புரியவில்லை. இறால் தலையை மண்ணில் புதைத்தேன். அன்று மாலை பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த பூனைகள் எல்லாம் எங்கள் கொல்லையில் கூடின. அப்பா விசிலை எடுத்துக்கொண்டு ஓடினார். எனக்குப் பூனைகளின் மேல்கூடக் கோபம் வரவில்லை.

தை மாதம் வந்தது. பத்துமலைக்குத் தைப்பூசத்துக்கு எப்படியும் கிள்ளான் குடும்பம் வரும். அதற்கு முன்னால், வளர்பிறைத் துவாதசிக்கு மறுநாள், நிச்சயம் என்று பேசி முடித்தார்கள். கொடிகள் மரத்தின் தலைவரை ஏறித் தழைத்திருந்தன. அப்பா வாயெல்லாம் பல்லாக அலைந்தார். எல்லாம் கூடிவந்தது என்று நினைத்தேன். துவாதசியை மட்டும் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

ஏகாதசிக்கு விரதம் இருப்பவர்கள் மறுநாள் துவாதசிக் காலையில் அகத்திக் கீரை சேர்த்துச் சாப்பிட்டுத்தான் விரதத்தை முடிப்பார்கள். பாசாரில் அன்று அகத்திக்கு அடிதடி. அம்மா அதிகாலையில் நிச்சயத்துக்குச் சாமான் வாங்க என்னையும் கூட்டிக்கொண்டு பாசாருக்குப் போய்விட்டார். அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு யாழ்ப்பாணத்து அக்கா வந்து வேலிக்கு அப்பால் நின்றிருக்கிறார்.

"அண்ணை, விரதம் முடிக்கக் கொஞ்சம் அகத்தியிலை தாங்கோவன்."

விரதக்காரர்களுக்கு அகத்தி இல்லை என்று சொன்னால் பாவம். அதுவும் மரம் நிறையத் தழை இருக்கும்போது. அப்பா ஒடித்துக் கொடுத்தார். அக்கா போய்ப் பக்கத்து வீட்டில் சொன்னார். அவர்கள் அடுத்த வரிசையில் சொன்னார்கள். சற்று நேரத்தில் கொல்லையில் கூட்டம். அப்பாவுக்குக் கூட்டத்தைக் கண்டால் சந்தோஷம். விசில் ஊதி வரிசை கட்டவைத்தார். "நெறையா எடுத்துக்கங்க, நம்ம மரம் லா! அள்ளக் கொறையாது" என்றார். கடைசி வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பத்து அண்ணன்கூட வரிசையில் நின்றாராம். "உங்களுக்கு ஏகாதசி ஏது?" என்று அப்பா கேட்டதற்கு, "ஏகாதசி இல்ல, ஆனா கீரை புடிக்கும்" என்றாராம். அவருக்கு இரண்டு கொத்து. அதன்பின் மிச்சமிருந்ததில் பெரிய கட்டாக ஒன்று கட்டிக்கொண்டு அப்பா ரயிலுக்குப் போய்விட்டார்.

நாங்கள் திரும்பி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அகத்தி மரங்கள் ஒற்றை இலை இல்லாமல், குச்சி குச்சியாக நின்றன. அவற்றின் மேல் வெற்றிலைக் கொடிகள், கூரை பிய்த்த வீட்டில் இருப்பவர்களைப் போல, வெயிலில் திகைத்துக் கிடந்தன. இலைகள் அதற்குள் தொய்ய ஆரம்பித்திருந்தன. நாளைக் காலையில் அந்த அம்மாள் வந்து கருகிய கொடியைப் பார்ப்பார். இதுவும் புலிக் கதைதான் என்று முடிவு கட்டிவிடுவார். அடுத்த வண்டியில் கிளம்பிவிடுவார். வேட்டியை மரியாதையாக மீட்டவரும் கூடவே போய்விடுவார். எனக்கு வந்த ஆத்திரத்தில் காலியாக நின்ற மரத்தையே அறைந்தேன். அது என்ன செய்யும் பாவம்.

"இப்பவே கிள்ளி ஈரத்துணியில வெச்சுருவோமா?" என்று கேட்டேன்.

"அவங்க கையால கிள்ளணும்னாங்களே. கொடியில இல்லாட்டி நம்புவாங்களா?" என்றார் அம்மா.

பந்தல் போடலாமென்றால் கொடி மரத்தின் தலைவரை இருக்கிறது. அதற்கு மேலே பந்தல் கட்டக் குழி தோண்டினால் வேர் போய்விடும். அம்மா அப்பாவின் பழைய விசிலை ஆணியிலிருந்து எடுத்தார். அவர் அதை ஊதி நான் பார்த்ததே இல்லை. கோட்டர்ஸ் வரிசையின் நடுவில் போய் நின்று, காது கிழிய ஊதினார்.

"எங்க வீட்டு அகத்தி தின்னவங்க எல்லாம் கொடையோட வாங்க! வீட்டுக்கு ஒரு கொட! எங்க புள்ளயோட நெழல நீங்க தின்னுட்டீங்க, திருப்பிக் குடுங்க!"

வந்தார்கள். வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். கறுப்புக் குடை, காம்பு உடைந்த குடை, ஆபீஸ் குடை, சீனக் காகிதக் குடை. கத்தோலிக்க அண்ணன் இரண்டு கொத்து வாங்கியதற்கு நியாயமாக இரண்டு குடை கொண்டுவந்தார். ஏணி போட்டு, மொட்டைக் கிளைகளில் வாழைநாரால் குடைகளைக் கட்டினோம். யாழ்ப்பாணத்து அக்கா கொடிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே, "ஐயோ பிள்ளை, எனக்குத் தெரியாதே" என்று என்னைவிட அதிகமாக அழுதார். மாலையில் அப்பா வந்து, தன் கொல்லையில் குடை காய்த்திருப்பதைப் பார்த்து, தொப்பியைக் கழற்றினார். அம்மா அவரோடு பேசவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலை கிள்ளான் குடும்பம் வந்தது. அவர்கள் வருவதற்குச் சற்று முன்புதான், ஓர் அகத்திக் கிளை குடையின் கனம் தாங்காமல் ஒடிந்து விழுந்தது. அகத்திக்கு ஒடிவதுதான் சுபாவம். அந்தக் கொடிக்கு மட்டும் யாராவது குடை பிடித்தாக வேண்டும். யாழ்ப்பாணத்து அக்கா பிடித்துக்கொண்டு நின்றார்.

கிள்ளான் அம்மாள் நேராகக் கொல்லைக்கு வந்தார். அண்ணாந்து பார்த்தார். நான் சமையல்கட்டு ஜன்னலில் நின்று எட்டிப் பார்த்தேன்.

"என்னண்ணே இது? மரத்துல கொட தொங்குது?"

அப்பாவுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கதை எதுவும் கைகொடுக்கவில்லை. "வெத்தலைக்கு நெழல், தங்கச்சி. அகத்தித் தழைதான் நெழலு. நேத்துத் துவாதசி. ஊரே கேட்டுச்சு. குடுத்துட்டேன்" என்றார்.

"எல்லாத்தையுமா? நெழல் வேணும்னு தெரிஞ்சும் ஒரு தழ மிச்சம் வெக்காம குடுப்பாங்களா? யாருக்கு அப்படி அள்ளிக் குடுத்தீங்க?"

அப்பா தயங்கினார். தொப்பியைக் கையில் சுற்றினார். "பெரிய கட்டு உங்களுக்குத்தான், தங்கச்சி. நேத்துக் கிள்ளான்ல பிளாட்பாரத்துல குடுத்தேனே."

கிள்ளான் அம்மாள் தன் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் நேற்று அந்த அகத்திக் கீரைப் பொரியலை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டவர்; அவரிடமிருந்து மெதுவாக ஒரு "ம்" வந்தது. அதைக் கேட்டதும் அந்த அம்மாளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். குடைகளுக்கடியில் போய்க் கொடியில் ஒரு இலையைக் கிள்ளினார். முகர்ந்தார். சுண்ணாம்பு தடவி வாயில் போட்டார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தார்கள்.

"காரம் இருக்கு" என்றார். "உயிர் இருக்கு. வாங்க, தட்ட மாத்துவோம்."

எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சந்தோஷத்தில் அழக்கூட விடாமல் அம்மா தலையில் பூவைத் திணித்து என்னைக் கூடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார். தட்டு மாறியது. எல்லாரும் பேசினார்கள், சிரித்தார்கள். மாப்பிள்ளையை ஆசீர்வாதத்துக்குக் கூப்பிட்டார்கள். மாப்பிள்ளையைக் காணவில்லை.

தட்டு மாற்றுவதைப் பார்க்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்து அக்காவுக்கு ஆசை. "தம்பி, இதை ஒருக்காப் பிடியுங்கோ" என்று பக்கத்தில் நின்றவர் கையில் குடையைக் கொடுத்துவிட்டு உள்ளே வந்துவிட்டார். பக்கத்தில் நின்றவர்தான் மாப்பிள்ளை. அக்கா திரும்பிப் போகவே இல்லை.

"நீயே போய்க் கூப்புடு, போ. எவ்வளவு நேரம்தான் நிப்பான்?" என்றார் கிள்ளான் அம்மாள் என்னைப் பார்த்து. எல்லாரும் சிரித்தார்கள். நான் எழுந்து போனேன்.

அவர் இரண்டு கையாலும் குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். குடை முழுக்கக் கொடிக்கு மேலே. அவர் முழுக்க வெயிலில். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, நெற்றியிலிருந்து வியர்வை கண்ணில் இறங்கியது. கை விட்டுத் துடைத்தால் குடை சாயும் என்று துடைக்காமல் நின்றார். ஆடு இந்த முறை அவருடைய வேட்டியின் மறுபக்க நுனியைப் பிடித்திருந்தது. அதற்கும் அவரிடம் மிச்சக் கை இல்லை.

நான் ஆட்டை விரட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். நாங்கள் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"எரு வந்துச்சா?"

"வந்துச்சு. பூனையும் வந்துச்சு."

அவர் சிரித்தார். குடை ஆடியது. உடனே சரியாகப் பிடித்துக்கொண்டார். நான் துணிந்து காம்பைப் பிடித்து, குடையை அவர் பக்கம் கொஞ்சம் சாய்த்தேன். அவர் பதறி அதைத் திரும்பக் கொடியின் பக்கமே தள்ளினார்.

"எனக்கு வேணாம். வெத்தல வாடிரும்."

"உங்கம்மா கிள்ளியாச்சு, தட்டும் மாத்தியாச்சு. இனிமே வாடுனா என்னங்க?" என்றேன்.

அவர் கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு மிகவும் கவலையாகச் சொன்னார்:

"கல்யாணத்துக்கும் வேணுமே."